மயிலாப்பூர் மொட்டை மாடிக்கு மேலே யார் எந்த எண்ணில் பேசுகிறார்கள், தெரியுமா?

ஹலோ எஃப்.எம். 106.4. அங்கிருந்து ரேடியோ முள்ளை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுங்கள். 108-ல் முட்டி நின்றுவிடும். ஏன் 108? திவ்யதேசக் கணக்கும் இல்லை, ஆம்புலன்ஸ் கணக்கும் இல்லை. 108 மெகாஹெர்ட்ஸிலிருந்து விமானங்களின் ராஜ்ஜியம் ஆரம்பம்! 108 முதல் 118 வரை, வழிகாட்டும் கருவிகளுக்கு. 118 முதல் 137 வரை, விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்ள. லஸ் கார்னரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், பாண்டி பஜாரில் பேரம் பேசும்போதும், அடையாறு பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பேச்சு உங்களைக் கடந்து போய்க்கொண்டேதான் இருக்கிறது.

பெரிய விமான நிறுவனங்களில் இந்த எண்களைக் கவனித்துக்கொள்ளவே ஆட்கள் உண்டு. ஆசைக்காக நான்கு இருக்கை விமானம் ஓட்டும் தனியார் விமானிக்கு? அவரே எல்லாம். எந்த அலைவரிசை மாறியது, எந்த விதி மாறியது என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

சொல்ல ஒரு கிழமையே இருக்கிறது. உலகம் முழுக்க, முன்கூட்டித் திட்டமிட்ட முக்கிய மாற்றங்கள் வியாழக்கிழமையில்தான் அமலுக்கு வரும், தெரியுமா? அதுவும் எல்லா வியாழனும் இல்லை. 28 நாளுக்கு ஒன்று. 1964-லிருந்து இருக்கும் இந்த முறைக்கு ஏராக் என்று பெயர். விமானிகளின் பஞ்சாங்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். எந்த நாள் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே குறிக்கப்பட்டுவிடும். ஆண்டுக்கு 13 வியாழன் வரும். அபூர்வமாக 2020-ல் ஜனவரி 2-ல் ஆரம்பித்து டிசம்பர் 31-ல் முடிந்து 14 வந்தது! மாற்றத்தை 42 நாளுக்கு முன்பே வெளியிட வேண்டும், 28 நாளுக்கு முன்பாவது அது விமானியின் கையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அமலாகும் நேரம் கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு. நமக்கு விடிகாலை 5.30. மயிலாப்பூர் சாய்பாபா கோயிலில் வியாழக்கிழமைக் கூட்டம் சேர்வதற்கு முன்பே வானத்தின் எண்கள் மாறி முடிந்திருக்கும்.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் சென்னைக் கோபுரத்தின் அலைவரிசையை நான் எழுதவில்லை. இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் ஒரு வியாழன் குறுக்கே வந்துவிடலாம்!

திட்டமிடாத மாற்றம் வந்தால்? அதற்குத்தான் "நோட்டம்" என்று ஒன்று. ஒரு கருவி பழுது, ஒரு அலைவரிசை தற்காலிகமாக வேலை செய்யவில்லை, வான்வெளியில் ஒரு பகுதி இரண்டு மணி நேரம் மூடல் என்றெல்லாம் உடனுக்குடன் வரும் அறிவிப்பு. அதில் நேரம் எப்படி இருக்கும் தெரியுமா? 2601220000. ஏதோ செல்போன் நம்பர் போலப் பத்து இலக்கம். இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: 26 ஆண்டு, 01 மாதம், 22 தேதி, 00 மணி, 00 நிமிடம். அதாவது 2026 ஜனவரி 22, கிரீன்விச் நள்ளிரவு. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் போச்சு. (2026-ன் முதல் ஏராக் வியாழனும் அதுதான்.) 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்க ஊரே திரண்டதே, அதற்காக வான்வெளி மூடப்பட்டதும் இப்படி ஒரு அறிவிப்பில்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் புறப்படுவதற்கு முன்பு வங்கக்கடலில் எந்தப் பகுதிக்குப் போகக்கூடாது என்பதும் அப்படியே. பெசன்ட் நகர் கடற்கரையில் அந்த ராக்கெட்டை நீங்கள் அண்ணாந்து பார்ப்பதற்கு வெகு முன்பே, அதன் நேரம் விமானிகளுக்குத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், இந்த அறிவிப்புகள் மலைபோல் குவியும். 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஏர் கனடா விமானம், ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையில் நின்ற பாதையை நோக்கி இறங்கிவிட்டது. கடைசி நொடியில் மேலே ஏறித் தப்பியது. பக்கத்து ஓடுபாதை மூடியிருக்கிறது என்ற தகவல் விமானிகளுக்குக் கொடுத்த 27 பக்கக் கட்டில் 8-ஆம் பக்கத்தில் இருந்தது! சொல்லியாகிவிட்டது என்பதற்காகவே ஓர் அலுவலகம் சொல்லும் தகவல் எப்போதும் 8-ஆம் பக்கத்தில்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு ஆச்சரியம். பாட்டு எஃப்.எம்.மில் வருகிறது, விமானிகள் மட்டும் ஏன் பழைய ஏ.எம். முறையிலேயே பேசுகிறார்கள், தெரியுமா? எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மற்றதை விழுங்கிவிடும். ஒருவர் பேசினாரா என்பதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒரு விசில் கேட்கும்; யாரோ குறுக்கே பேசுகிறார் என்றாவது புரியும். ஆனால் அந்த விசில் போதாமல் போன நாளும் உண்டு. 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. பனிமூட்டம். புறப்படக் காத்திருக்கச் சொன்ன கோபுரத்தின் குரலும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான்ஆம் விமானத்தின் குரலும் ஒரே நொடியில் மோதின. அதே ஓடுபாதையில் புறப்பட்டுக்கொண்டிருந்த கே.எல்.எம். விமானத்தின் விமானிகள் காதில் விழுந்தது கீச்சொலி. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதே 1977-ல், ஜூலை 23 அன்று, இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு நம் சென்னையில்தான் தொடங்கியது!

எஃப்.எம். நிலையங்கள் பெருகியதும் விமானிகளுக்கு ஒரு செலவு வந்தது. 108-க்குக் கீழே இருக்கும் பாட்டு, மேலே இருக்கும் வழிகாட்டிக் கருவிக்குள் கசிந்தால்? எஃப்.எம். இடையூறைத் தாங்கும் வாங்கிகள் வேண்டும் என்ற சர்வதேச விதி 1998-லிருந்து அமலுக்கு வந்தது. அதைப் படிக்காத விமானியின் கருவி ஒரே நாளில் பழசாகிவிட்டது.

புளூ கிராஸுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா? புளூ கிராஸ் என்றால் நாய், பூனை நினைவுக்கு வரும். 1959-ல் அதைத் தொடங்கிய கேப்டன் சுந்தரம் ஒரு விமானி. அவர் மனைவி உஷா சுந்தரம், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி. 1951-ல் சென்னை அரசாங்கத்துக்காக வாங்கிய டி ஹாவிலாண்ட் டவ் விமானத்தை இந்தத் தம்பதி இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள்! அப்போது ஏராக் பஞ்சாங்கமும் கிடையாது, இன்றுள்ள அத்தனை எண்களும் கிடையாது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் விமானப் பேச்சுக்கு இருந்தவை வெறும் 70 சேனல்கள். நெரிசல் கூடக்கூட இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டி, அலைவரிசைப் பட்டையையும் நீட்டி 760 ஆக்கினார்கள். ஐரோப்பாவுக்கு அதுவும் போதாமல் ஒன்றை மூன்றாகப் பிளந்தார்கள். அங்கே ஒரு வேடிக்கை: ரேடியோவில் 118.005 என்று வைத்தால் நிஜத்தில் பேசுவது 118.000-ல்தான்! அந்த 5, இது குறுகலான சேனல் என்று கருவிக்குச் சொல்லும் அடையாளம் மட்டுமே. இங்கிருந்து போய் அங்கே வாடகை விமானம் ஓட்டுபவர் இதை அறியாமல் போனால் பேச ஆளில்லாமல் தவிக்க வேண்டியதுதான்.

எண்ணை எழுதி வைத்தால் மட்டும் போதாது; வாயால் திருப்பிச் சொல்லவும் வேண்டும். கோபுரம் "ஒன் டூ ஒன் டெசிமல் ஃபைஃப்" என்றால் விமானியும் அதையே அப்படியே சொல்லி, கடைசியில் தன் அடையாளத்தையும் சொல்ல வேண்டும். ஃபைவ் இல்லை, ஃபைஃப். நைன் இல்லை, நைனர். கரகரப்பில் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும் என்பதால் இந்த உச்சரிப்பு. அந்த 121.5 மட்டும் மாறவே மாறாத எண். உலகம் முழுக்க ஆபத்துக்கு அதுதான். ஆனால் அதிலும் ஒரு திருப்பம்: 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதை நிறுத்திவிட்டன! விழுந்த விமானம் தானாக அனுப்பும் கூக்குரலை இப்போது அவை 406 மெகாஹெர்ட்ஸில்தான் கேட்கும். பழைய கருவியை மாற்றாத விமானியின் கூக்குரல் செயற்கைக்கோள்களுக்கு எட்டாது.

ரேடியோவே செத்துவிட்டால்? ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் விமானி 7600 என்று வைத்தால் ரேடார் திரையில் அவர் நிலைமை தெரிந்துவிடும். பிறகு கோபுரத்திலிருந்து விளக்கடிப்பார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. பகலில் விமானி பதில் சொல்வது எப்படித் தெரியுமா? இறக்கையை ஆட்டி!

இந்த அலைவரிசைக் கதை 5ஜி-யையும் விடவில்லை. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. 5ஜி அதற்குச் சற்றுக் கீழே. அதனால் 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டர், மையக்கோட்டிலிருந்து 910 மீட்டர் தூரத்துக்குள் அந்த அலைவரிசையில் 5ஜி கோபுரம் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. மயிலாப்பூர்காரர்கள் கவலைப்பட வேண்டாம். மீனம்பாக்கம் ஓடுபாதையிலிருந்து நீங்கள் வெகு தொலைவு.

இந்திரா காந்தியின் மகன் ராஜீவ் காந்தி விமானி மட்டுமல்ல, பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரரும்கூட. அவர் அழைப்புக்குறி வி.யு.2.ஆர்.ஜி. ஹாம் உரிமம் தருவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. வேடிக்கை என்னவென்றால், விமானிகளின் ரேடியோ தேர்வான ஆர்.டி.ஆர்.-ஐயும் பல பத்தாண்டுகள் நடத்தியது அதே பிரிவுதான். விமானம் ஓட்ட உரிமம் ஒரு துறையில், அதே விமானத்தில் பேச உரிமம் வேறொரு துறையில்! எழுத்துத் தேர்வு போதாதென்று, விமானத்தில் இருப்பதுபோலத் தேர்வாளர் முன் பேசிக் காட்ட வேண்டும். வாய்மொழிக் கேள்வி வேறு. பறப்பதைவிட இதற்குப் பயந்தவர்கள் அதிகம். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதீய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1-ல் அமலானதும் இந்தப் பொறுப்பு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்கு மாறியது. மாறியது நல்லதே, இவ்வளவு தாமதமானதுதான் விசித்திரம்.

வீட்டில் விமானி ஆக ஆசைப்படும் பிள்ளை இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஆர்.டி.ஆர். புத்தகம் என்று யாராவது பழைய பிரதி கொடுத்தால், முதலில் அது அச்சான ஆண்டைப் பாருங்கள். 2025-க்கு முந்தையது என்றால், தேர்வு விவரங்களை டி.ஜி.சி.ஏ. தளத்தில் சரிபார்த்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.