சாக்லேட்டுக்கு ஏத்த ஒயின் எது? உத்தமபாளையம் பன்னீர் திராட்சைக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்?

ஜிலேபி சாப்பிட்ட கையோடு டீ குடித்திருக்கிறீர்களா? சர்க்கரையே போடாத மாதிரி சப்பென்று இருக்கும். டீ மேல் தப்பில்லை. நாக்கு முதலிலேயே அதைவிடப் பெரிய இனிப்பைப் பார்த்துவிட்டது.

சாக்லேட்டுடன் ஒயின் குடிப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். இனிப்பில்லாத சிவப்பு ஒயினை சாக்லேட்டுடன் சேர்த்தால், ஒயின் புளிக்கும். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்தும் கோகோவின் கசப்பும் ஒன்றாகச் சேர்ந்து வாயை இழுக்கும். சினிமாவில் பார்க்க நல்லா இருக்கும், வாயில் அவ்வளவாக எடுபடாது. அதனால் உலகம் முழுக்க சொல்லப்படும் விதி ஒன்றுதான்: பலகாரம் எவ்வளவு இனிப்போ, ஒயின் அதற்குக் குறையாமல் இனிக்க வேண்டும்.

இதற்காகவே பேர் போனவை வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் தயாராகும் இனிப்பு ஸ்பார்க்ளிங் ஒயின்கள். வெள்ளையில் மொஸ்காட்டோ டி ஆஸ்தி, சிவப்பில் பிராக்கெட்டோ டி அக்வி.

இனிப்பும் நுரையும் எப்படி வருது?

திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் உண்டாக்கும். விட்டால் சர்க்கரை முழுவதையும் தின்று தீர்த்துவிடும். ஆஸ்தியில் அப்படி விடுவதில்லை. மூடிய தொட்டியில் நொதிக்க வைத்து, ஆல்கஹால் 5 சதவீதத்தைத் தொடும்போது கடுமையாகக் குளிரூட்டுகிறார்கள். ஈஸ்ட் முடங்கிவிடும், அதை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே நிற்கும். லிட்டருக்கு 100 கிராம், பல நேரம் அதற்கும் மேல். வெளியே போக வழியில்லாத வாயுதான் நுரையாக வருகிறது. சர்க்கரையைத் தனியாகக் கொட்டி இனிப்பாக்கியது இல்லை, திராட்சையின் சொந்தச் சர்க்கரைதான்.

நுரை வெறும் அழகுக்கு இல்லை. சாக்லேட்டில் உள்ள கோகோ பட்டர் வாய்ச் சூட்டில் உருகி நாக்கில் படலமாக ஒட்டிக்கொள்ளும். வாயுக் குமிழியும் புளிப்பும் அதைத் துடைத்துவிட, அடுத்த கடி முதல் கடி மாதிரியே ருசிக்கும். ஒயிட் சாக்லேட், மில்க் சாக்லேட்டுக்கு மொஸ்காட்டோ போதும். டார்க் சாக்லேட்டுக்கு முன்னால் அது காணாமல் போய்விடும். அங்கே ரோஜா, ஸ்ட்ராபெரி வாசம் வீசும் பிராக்கெட்டோதான் தாங்கும். எதுவாக இருந்தாலும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறினால் சர்பத் குடிப்பது போலத் திகட்டும்.

சரி, உத்தமபாளையம் எங்கே வருது?

மொஸ்காட்டோ என்பது மஸ்கட் திராட்சையின் இத்தாலியப் பெயர். உத்தமபாளையம், ராயப்பன்பட்டி, கூடலூர் பக்கம் பந்தல் பந்தலாகத் தொங்கும் கறுப்புப் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணு ஆய்வின்படி அதன் பெற்றோரில் ஒன்று 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா'. அந்த அலெக்சாண்ட்ரியாவைப் பெற்றதில் ஒன்று, ஆஸ்தியில் ஒயினாகும் அதே வெள்ளை மஸ்கட். உறவுமுறையில் சொன்னால், நம்ம ஊர்ப் பன்னீருக்கு அது தாத்தா!

பன்னீர் என்ற பேரும் சும்மா வந்ததில்லை. ரோஜா எண்ணெயில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் மஸ்கட் வகைகளிலும் உண்டு. கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் வாசம் வருவதால் இங்கே அந்தப் பேர். சீனாவிலும் இந்தத் திராட்சையின் பெயருக்கு 'ரோஜா மணம்' என்றே அர்த்தம். கலிபோர்னியாவில் 'பிளாக் மஸ்கட்' என்ற பெயரில் இதே ரகத்தில் டெசர்ட் ஒயின் செய்கிறார்கள். அது நுரைக்காது, ஆனால் சாக்லேட்டுக்குத் துணையாகத்தான் விற்கிறார்கள்.

விவசாயிக்கு இதுல என்ன?

ஐரோப்பாவில் திராட்சை வருடத்துக்கு ஒரு அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து பண்ணும் தேதியை மாற்றி மாற்றி வைத்து வருடம் பூராவும் பழம் எடுக்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் பெரும்பகுதி பழமாகவே லாரி ஏறுகிறது. விதையுள்ள பழம், நாள்பட நிற்காது. வடக்கிலிருந்து விதையில்லாத திராட்சை வந்து குவியும் மாதங்களில், வியாபாரி சொல்வதுதான் விலை. மழையில் வெடித்த பழத்துக்கு அதுவும் இல்லை.

ஜூஸ், உலர் திராட்சை, ஒயின் என எதுவாக மாறினாலும் அந்த அவசரம் குறையும். புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றும், பழத்தைக் காப்பாற்றாது. பிராக்கெட்டோவும் ஒரு காலத்தில் உள்ளூர்த் திராட்சைதான். பாட்டிலில் ஊர்ப்பெயரோடு போனதால்தான் இன்று வெளிநாட்டுக்காரர்களுக்கும் அக்வியைத் தெரிகிறது. இன்னொரு விஷயம், கோகோவுக்கும் ரொம்ப தூரம் போக வேண்டாம். குமுளி மலை ஏறினால் இடுக்கி மாவட்டம், கேரளாவில் கோகோ அதிகம் விளையும் இடங்களில் ஒன்று.

கவனிக்க வேண்டியது

தமிழ்நாட்டில் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். தவிர, நொதிக்கும் சாற்றை பாட்டிலில் இறுக்கி மூடினால் வெடிக்கவும் செய்யும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குடிக்காதவர்களுக்கும் இந்த ருசி கிடைக்கும். பன்னீர் திராட்சையைப் பிழிந்து, சர்க்கரை போடாமல், நன்கு குளிர்ந்த சோடா பாதிக்குப் பாதி சேர்த்து, ஒரு துண்டு மில்க் சாக்லேட்டுடன் குடித்துப் பாருங்கள். தோலையும் சேர்த்துப் பிழிய வேண்டும், வாசம் பெரும்பாலும் அதில்தான் இருக்கு.