புதிய வட்டெழுத்து

பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் வட்டெழுத்தைக் கண்டிருக்கிறோம். கல்லில் வெட்டப்பட்ட அவ்வெழுத்து பல நூற்றாண்டு கடந்து இன்றும் பேசுகிறது. இக்காலத்தில் வேறொரு வட்டெழுத்தும் உண்டு. பன்னிரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் வட்டின்மேல் லேசர் ஒளியால் எழுதும் எழுத்து அது. 'டிஸ்க் பர்ன் செய்வது' என்று நம் விடுதிகளில் வழங்குவது இதனையே. நம்மைச் சூழ்ந்து ஒலிக்கும் இசையை, நுட்பம் குன்றாமல், வீட்டிலிருந்தே இவ்வாறு எழுதி வைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'பாட்டெல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது வட்டு எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கலாம். பிறர் விற்கும் பாட்டு கிடைக்கும். இன்றிருப்பது நாளை நீக்கப்படவும் கூடும். ஆனால், நம் சங்க மேடையில் நாமே நடத்திய கச்சேரி எங்கே கிடைக்கும்? யாரோ ஒருவருடைய செல்பேசியில் கிடக்கும். அந்தச் செல்பேசி பழுதானால் அதனுடன் அதுவும் போகும். தமிழகத்துக்கு வெளியே படிக்கும் நமக்கு ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் இசைவிழாவை நாம் காக்காவிட்டால் வேறு யார் காப்பார்?

இதனை இன்றே கற்க வேண்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பல வகை வட்டுகளையும் படிக்கவல்ல கருவிகளைச் செய்து புகழ்பெற்ற ஒப்போ நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் அத்தொழிலை நிறுத்தியது. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் எழுதத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை முடித்துக்கொண்டது. கடை அடைப்பதற்கு முன் சரக்கு வாங்கிக்கொள்வதுதானே அறிவுடைமை?

சூழொலி யாது?

நமக்குக் காதுகள் இரண்டு. ஓர் ஒலி இரு காதுகளையும் அடையும் நேரத்திலும் வலிமையிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு, அது வரும் திசையை மூளை அறிகிறது. இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931-ஆம் ஆண்டில் இரு தட ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கோரினார். நாம் 'ஸ்டீரியோ' என்பது அதுவே.

ஆனால் மண்டபத்தில் கேட்கும் இசை முன்னாலிருந்து மட்டும் வருவதன்று. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். நமக்குப் பின்னால் 17 மீட்டர் தொலைவில் சுவர் இருந்தால், நம்மைக் கடந்து சென்ற ஒலி அதில் மோதித் திரும்பி வரப் பத்தில் ஒரு பங்கு விநாடி ஆகும். இவ்வாறு பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலிகளே 'பெரிய மண்டபம்' என்ற உணர்வைத் தருகின்றன. பின்னாலிருந்து வரவேண்டிய அவ்வொலிகளை முன்னாலுள்ள இரண்டு ஒலிபெருக்கிகள் எவ்வாறு முழுமையாகத் தரமுடியும்?

1970-களின் தொடக்கத்தில் நான்கு தட இசைத்தட்டுகள் வந்தன. ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல முறைகள் போட்டியிட்டமையால் அவை நிலைக்கவில்லை. பின்னர்த் திரைப்படத்துறை வழிகாட்டியது. 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' என்னும் படம் டால்பி டிஜிட்டல் முறையில் வெளிவந்தது. முன்னால் இடம், வலம், நடு என மூன்று; பின்னால் இரண்டு; மிகத் தாழ்ந்த அதிர்வுகளுக்கெனத் தனியே ஒன்று. இவ்வாறு ஆறு தடங்கள். கடைசித் தடம் ஒலி எல்லையின் சிறு பகுதியையே சுமப்பதால் இதனை '5.1' என்கின்றனர்.

இந்த ஒலிபெருக்கிகளை எங்கே வைப்பது? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கிறது. கேட்பவரின் நேர்முன்னே நடுப்பெருக்கி. அதற்கு இருபுறமும் 30 பாகையில் இடமும் வலமும். 100 முதல் 120 பாகைக்குள் பின்னிரண்டு. கூர்ந்து நோக்கினால், 'பின்' எனப்படுபவை நம் முதுகுக்கு நேர் பின்னால் இல்லை. தோள்களுக்குச் சற்றே பின்னால் உள்ளன.

நுட்பம் எவ்வளவு வேண்டும்?

இசை அலையை எண்களாக்கும்போது இரண்டு அளவுகள் முக்கியம். ஒரு விநாடியில் எத்தனை முறை அலையை அளக்கிறோம் என்பது ஒன்று. ஒவ்வோர் அளவையும் எத்தனை பிட்டுகளால் குறிக்கிறோம் என்பது மற்றொன்று. சாதாரண குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 16 பிட்டு. உயர்நுட்பப் பதிவில் 96,000 அளவுகள், ஒவ்வொன்றும் 24 பிட்டு என்பது பெருவழக்கு.

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதற்கு விநாடிக்கு 40,000 அளவுகளுக்குச் சற்று மிகுதியாக இருந்தாலே போதும். 2007-ஆம் ஆண்டில் மேயர், மோரன் என்னும் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். உயர்நுட்ப வட்டின் ஒலியை நேராகவும், குறுந்தகட்டின் அளவுக்குச் சுருக்கியும், எது எதுவெனச் சொல்லாமல் கேட்போருக்கு அளித்தனர். 554 முறை சோதித்ததில் சரியான விடை 276. காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் இவ்வளவு கிடைத்திருக்கும்!

அப்படியானால் 24 பிட்டு வீணா? இல்லை. பதிவு செய்யும் நேரத்தில் அது பேருதவி. 16 பிட்டு சுமார் 96 டெசிபல் இடைவெளி தரும். 24 பிட்டு கணக்குப்படி 144 டெசிபல் தரும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் திடீரென்று ஓங்கும் என்று அஞ்சி அளவைத் தாழ்த்தி வைத்தாலும், மெல்லிய தம்புரா ஒலி இரைச்சலில் மூழ்காது. எனவே 24 பிட்டு, 48,000 அளவு என்பது நம் தேவைக்கு நிறைவானது. 96,000 வேண்டுவோர் அவ்வாறே பதியலாம். ஆனால், குறைந்த அளவில் பதிந்ததைப் பின்னர்க் கணிப்பொறியில் 96,000-ஆக உயர்த்துவது பாலில் தண்ணீர் சேர்ப்பது போன்றது. அளவு கூடும், சத்து கூடாது. இரு தடப் பாட்டை ஆறாகப் பிரிப்பதும் உண்மையான சூழொலி ஆகாது. மண்டபத்தின் ஒலி பதியும்போதே அகப்பட வேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மேடையை நோக்கி இரண்டு மைக்கு, அரங்கின் பின்பக்கத்தை நோக்கி இரண்டு மைக்கு, நான்கு தடங்களை ஒருங்கே பதியும் கருவி ஒன்று. இவை போதும். நடுத்தடமும் தாழொலித் தடமும் வெறுமையாக இருந்தால் குற்றமில்லை.

வட்டில் அடங்குமா?

இனிக் கணக்கைப் பார்ப்போம். 96,000 அளவு, 24 பிட்டு, 6 தடம். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 1 கோடியே 38 லட்சத்து 24 ஆயிரம் பிட்டுகள். இசைக்கென 2000-ஆம் ஆண்டில் வந்த 'டிவிடி-ஆடியோ' வட்டோ விநாடிக்கு 96 லட்சம் பிட்டுகளுக்குமேல் தராது. ஆதலின் 'மெரிடியன்' என்னும் ஆங்கில நிறுவனம் வகுத்த, இழப்பின்றிச் சுருக்கும் முறையைக் கையாண்டனர். துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போன்றது இது. விரித்தால் ஓர் இழையும் குறையாது.

நமக்கு அந்தச் சுருக்கமும் தேவையில்லை. 48,000 அளவில் ஆறு தடம் என்றால் விநாடிக்கு 69 லட்சத்து 12 ஆயிரம் பிட்டுகளே. 4.7 ஜிகாபைட்டு டிவிடியில் இவ்வாறு 90 நிமிட இசை சுருக்கமின்றி அடங்கும். 96,000 அளவில் நான்கு தடம் என்றாலும் விநாடிக்கு 92 லட்சத்து 16 ஆயிரம்தான். அதுவும் எல்லைக்குள் நிற்கும்.

புளூ-ரே வட்டு கிடைத்தால் இன்னும் எளிது. அதன் கொள்ளளவு 25 ஜிகாபைட்டு. 96,000 அளவில் ஆறு தடங்களை நான்கு மணி நேரம் சுருக்காமலே ஏற்கும். ஆனால் சூப்பர் ஆடியோ சிடி என்னும் வகையை மட்டும் வீட்டில் எழுத இயலாது. அது தொழிற்சாலையிலேயே செய்யப்படுவது.

எழுதும் முறை

முதலாவது, தடங்களின் வரிசை. வேவ் கோப்பில் முன் இடம், முன் வலம், நடு, தாழொலி, பின் இடம், பின் வலம் என்பது முறை. வேறு சில முறைகளில் நடுத்தடம் முதலில் வரும். வரிசை மாறினால் பாடகரின் குரல் முதுகுக்குப் பின்னால் ஒலிக்கும்! கச்சேரிக்கு முன்னதாக, 'இது முன் இடம்', 'இது பின் வலம்' என்று தடந்தோறும் ஒருவர் சொல்லும் குரலைச் சேர்த்துவிட்டால், எந்நாளும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வட்டுக்குரிய அமைப்பு. கோப்புகளை அப்படியே வட்டில் இட்டால் கணிப்பொறி படிக்கும். எல்லாக் கருவிகளும் படிக்கும் எனச் சொல்ல முடியாது. டிவிடி-ஆடியோ அமைப்பை உண்டாக்க 'டிவிடிஏ-ஆத்தர்' என்னும் இலவச மென்பொருள் உண்டு. புளூ-ரேக்கு 'டிஎஸ்மக்ஸர்' உதவும். ஒரு நிலைப்படத்தைக் காட்சியாகச் சேர்த்துவிடுவது நல்லது. பழைய டிவிடி கருவிகள் டிவிடி-ஆடியோப் பகுதியைப் படிக்கா. அவற்றுக்காக அதே வட்டின் காட்சிப் பகுதியில் டால்பி அல்லது டிடிஎஸ் வடிவில் ஒரு படி வைக்கலாம்.

மூன்றாவது, எழுதுதல். விண்டோசில் 'இம்ஜ்பர்ன்', லினக்சில் 'கே3பி' போன்றவை இதற்குப் பயன்படும். உச்ச வேகத்தை நாடாமல் நடுத்தர வேகத்தில் எழுதுக. முடிந்ததும் 'வெரிஃபை' என்னும் சரிபார்ப்பைத் தவறாமல் செய்க. எழுதியதைத் திரும்பப் படித்துப் பாராதவன் வட்டெழுத்தனும் அல்லன், ஏட்டெழுத்தனும் அல்லன்.

நான்காவது, இணைப்பு. பலர் இடறுவது இங்கேதான். கருவியிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு ஒளியிழைக் கம்பி கொடுத்தால், சுருக்காத ஒலியில் இரண்டு தடமே செல்லும். ஆறும் செல்ல எச்.டி.எம்.ஐ. கம்பி வேண்டும். அதை அறியாமல் வட்டின்மீது பழிபோடுவார் உண்டு.

சட்டமும் காப்பும்

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தனிப்பட்ட சொந்தப் பயனுக்கான நேர்மையான கையாளலை அனுமதிக்கிறது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதை 2012-இல் சேர்த்த 65-ஏ பிரிவு தண்டிக்கிறது. விலைக்கு வாங்கிய இசையைப் படியெடுத்து ஊருக்கு வழங்குவது நமக்கு ஆகாது. நம் கச்சேரியைப் பதிவதற்கும் பாடியவர், வாசித்தவர் ஆகியோரின் இசைவை முன்கூட்டியே எழுத்தில் பெறுதல் முறை. பாட்டு அண்மைக்காலத்தவர் இயற்றியதாயின் அவருடைய உரிமையையும் மதிக்க வேண்டும்.

வட்டு கல்வெட்டு அன்று என்பதையும் மறவற்க. எழுதத்தக்க டிவிடியில் லேசர் மாற்றுவது ஒரு சாயத்தை. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். புளூ-ரேயில் சாயமில்லாத, கனிமப் படலம் கொண்ட வகை உண்டு. அதனைத் தேர்ந்தெடுப்பது நலம். ஆனால் அதில் எழுத்துப்படலம் படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே உள்ளது. கீறலுக்கு அஞ்ச வேண்டும். ஆதலின் ஒரே வட்டை நம்பியிராமல், இரண்டு வட்டுகள் எழுதி இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். மூலக்கோப்பை இழப்பின்றிச் சுருக்கும் 'ஃபிளாக்' வடிவில் ஒரு ஹார்டு டிஸ்கிலும் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்த்து, தளர்ச்சி கண்டால் புதுப்படி எழுத வேண்டும். நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் படிமேல் படியெடுத்துக் காத்த வழியும் இதுவே அன்றோ?

சுவடி காத்தவர்களுக்கு ஓலையின்மேல் பற்றில்லை. அதிலிருந்த தமிழின்மேல்தான் பற்று. வட்டின் எண் பெருமையில் மயங்காமல், அதனுள் நாம் எதை எழுதுகிறோம் என்று நோக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு கச்சேரி, நான்கு மைக்கு, இரண்டு வட்டு, உறைமேல் பாடியவர் பெயரும் நாளும். இவ்வளவைச் செய்தால் போதும். பத்தாண்டுக்குப் பின் இவ்வளாகத்துக்கு வரும் தமிழ் மாணவர், நம் மண்டபத்தின் நடுவே அமர்ந்து நம்மோடு கச்சேரி கேட்பார்.