ஆளில்லா விமானத் தாக்குதல் சட்டப்படி சரியா? பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்த ரகசியங்கள்

"ஆளில்லா விமானம் தாக்கியது, தீவிரவாதிகள் 5 பேர் பலி." இப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால், குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாமே அந்த ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. இறந்தவர்கள் தீவிரவாதிகள் என்று சொன்னது யார்? பெரும்பாலும் தாக்கியவர்களேதான்!

ஒரு குமாஸ்தாவை வேலையிலிருந்து நீக்குவதானாலும் முதலில் மெமோ கொடுத்து விளக்கம் கேட்கிறார்கள். எங்கோ போகும் ஒரு மனிதனை வானத்திலிருந்து கொல்ல எந்தச் சட்டம் இடம் தருகிறது?

இரு தரப்பு வாதம்

2002 நவம்பரில் ஏமன் நாட்டில் ஒரு காரின் மீது அமெரிக்க உளவு ஸ்தாபனமான ஸி.ஐ.ஏ.யின் ஆளில்லா விமானம் ஏவுகணை வீசியது. 6 பேர் மாண்டனர். 2004-ல் பாகிஸ்தானிலும் இத்தகைய தாக்குதல் தொடங்கியது.

பிற நாட்டின் மீது பலாத்காரத்தைப் பிரயோகிக்கக் கூடாது என்பது ஐ.நா. சாசனத்தின் பொது விதி. ஆயுதத் தாக்குதலுக்கு ஆளான நாடு தற்காத்துக் கொள்ளலாம் என்று 51-வது ஷரத்து விலக்கு அளிக்கிறது. "அல்கொய்தாவுடன் போர் நடக்கிறது, ஆகவே இது தற்காப்பு" என்பது அமெரிக்காவின் வாதம். "போர்க்களமே இல்லாத இடத்தில் விசாரணையின்றிக் கொல்வது கொலைதான்" என்பது எதிர்வாதம். எப்படியானாலும், போரில்கூடச் சாதாரண மக்களைக் குறிவைக்கக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எனவே, இறந்தவர் யார் என்பதே முக்கியமான கேள்வி ஆகிறது.

2012 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை ஒரு திடுக்கிடும் தகவலை வெளியிட்டது. தாக்கப்பட்ட இடத்தில் இருந்த, போரிடும் வயதுள்ள ஆண்கள் எல்லோரையுமே போராளிகள் என்று கணக்கெழுதி வந்தார்களாம். நிரபராதி என்று பின்னால் தெளிவான ஆதாரம் கிடைத்தால் மட்டுமே பெயர் நீக்கப்படும்!

கோர்ட்டு ஏறிய பத்திரிகை

அமெரிக்காவில் பிறந்த அன்வர் அல் அவ்லாகி, 2011 செப்டம்பரில் ஏமனில் ஆளில்லா விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார். சொந்தப் பிரஜையையே இப்படிக் கொல்லலாம் என்று நீதி இலாகா 2010-லேயே ரகசியமாக எழுதிக் கொடுத்திருந்தது. அந்தக் குறிப்பைக் காட்டும்படி 'நியூயார்க் டைம்ஸ்' வழக்குத் தொடர்ந்தது. 2013 ஜனவரியில் வழக்கு தள்ளுபடி ஆயிற்று. காரணத்தை மறைத்துக்கொண்டே தன் செயல் சட்டபூர்வமானது என்று அரசு சொல்லிக்கொள்ள முடிகிறதே என்று நீதிபதி மக்மஹோன் தம் தீர்ப்பிலேயே அங்கலாய்த்தார். அப்பீலில் பத்திரிகை வென்றது. 2014 ஜூனில் குறிப்பு வெளிவந்தது.

பத்திரிகைகள் எப்போதும் இப்படித் துணிந்து நின்றன என்று சொல்வதற்கில்லை. சவூதி அரேபியாவில் ஆளில்லா விமானத்தளம் இருப்பதை அறிந்திருந்தும், அரசு கேட்டுக்கொண்டதால் பெரிய பத்திரிகைகள் வெளியிடாமல் இருந்தன. 2013 பிப்ரவரியில்தான் அது அச்சேறியது.

காபூலில் நடந்தது

2021 ஆகஸ்ட் 29 அன்று காபூல் நகரில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற கார் தாக்கப்பட்டது. காரில் வெடிகுண்டு இருந்தது என்றது ராணுவம். "நியாயமான தாக்குதல்" என்றார் தளபதி மார்க் மில்லி. பத்திரிகை நிருபர்கள் அந்த வீட்டுக்கே போனார்கள். காரோட்டியின் அலுவலகக் காமிராப் படங்களைப் பார்த்தார்கள். அவர் ஓர் உதவி நிறுவன ஊழியர். காரில் ஏற்றியவை தண்ணீர்க் கேன்கள்!

செய்தி வெளியான ஒரு வாரத்தில், செப்டம்பர் 17-ல், தவறு நேர்ந்துவிட்டது என்று ராணுவம் ஒப்புக்கொண்டது. மாண்டவர்கள் 10 பேர். அவர்களில் 7 பேர் குழந்தைகள். யார் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று டிசம்பரில் அறிவித்தார்கள்.

காபூல் ஒரு பெரிய நகரம். நிருபர்கள் போக முடிந்தது, உண்மை வெளிவந்தது. நிருபர் கால் வைக்க முடியாத மலைக் கிராமத்தில் மாண்டவருக்காக யார் சாட்சி சொல்வது? அங்கே ராணுவம் சொன்னதுதான் செய்தி. அந்தச் செய்திதான் தீர்ப்பு. இனி 'தீவிரவாதிகள் பலி' என்ற தலைப்பைக் காணும்போது, அதைச் சொன்னது யார், நேரில் போய்ப் பார்த்தது யார் என்று கீழே உள்ள வரிகளில் தேடிப் பாருங்கள்.