பின்புறம் தாழ்ந்த மொறிஸ் மைனர்

முதுமை எய்தினால் முதுகு கூனுதல் மாந்தர்க்கு மட்டும் உரியதன்று. மோட்டார்க் கார்களுக்கும் உரியது. எமது இல்லத்திலுள்ள 1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் இதற்குச் சான்று. கூரையை மடக்கிப் பின்னே சாய்த்துவிடத்தக்க அக்காரை வாங்கியவர் எம் தந்தையார். பெற்றோல் அரிதாகிய 1990களில் யாழ்ப்பாணத்து வீதிகளில் மண்ணெண்ணெய் குடித்து ஓடிய கார்களுள் இதுவும் ஒன்று.

சென்ற ஆண்டு பிள்ளைகள் இருவர் பின்னாசனத்தில் அமர்ந்ததும் சில்லு மட்காட்டுடன் உராயத் தொடங்கிற்று. "விற்றுவிடுங்கள், அல்லது பிள்ளைகளை ஏற்றாதீர்கள்" என்று இல்லத்தரசியார் தீர்ப்பளித்துவிட்டார். தந்தையாரின் காரை விற்க எமக்கு மனம் ஒப்பவில்லை.

அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இக்கார் 1948இல் வெளிவந்தது. மடக்குக் கூரை வகை 1969 வரை செய்யப்பட்டது. முன்புறத்தை முறுக்குச் சலாகைகள் தாங்க, பின்புறத்தை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய வில்லுத்தகடுகள் தாங்குகின்றன. பின்புறம் தாழ்ந்ததும் பலர் அதிர்ச்சியடக்கியைப் பழிக்கின்றனர். அது வீண் பழி. இக்காரில் அதன் வேலை துள்ளலை அடக்குவது. பாரம் சுமப்பது வில்லுத்தகடுகளே.

முன்னொருகால் ஒரு கராஜில் தகடொன்றை மேலதிகமாகச் செருகிக் கொடுத்தனர். கார் உயர்ந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு குழியும் எமது முதுகெலும்பை விசாரித்துச் சென்றது. கொல்லன் பட்டறையில் தகடுகளை மீண்டும் வளைப்பதும் உண்டு. உருக்கிற்கு முறைப்படி சூடேற்றிப் பதமிடாவிடின் அவ்வளைவு நெடுநாள் நில்லாது.

இம்முறை முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் காரின் அடியில் குனியவேயில்லை. "மாஸ்டர், ஸ்பிறிங்கைப் பிறகு பாப்பம். முதல்ல கதவைச் சாத்துங்கோ" என்றார். சாத்தினோம். கதவின் மேல்விளிம்பு தூணில் இடித்தது. கீழே விரலிடை தெரிந்தது.

அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. இக்காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். கூரையில்லாக் காரில் வளைவைத் தடுக்கும் பொறுப்பிற் பெரும்பங்கு கதவின்கீழுள்ள படித்தகடுகளைச் சாரும். அவை கறள் தின்று போனால் உடல் நடுவே தொய்யும்; வில்லை மாற்றிப் பயனில்லை. ஊசியால் குத்தியதும் எமது காரின் இடப்பக்கப் படி பொலபொலவென உதிர்ந்தது. வில்லைத் தாங்கும் முன்பிடியின் அருகிலும் கறள் ஏறியிருந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இத்தனை நாள் ஓடினோமே என எண்ணுகையில் உடல் நடுங்கிற்று.

கதவு வாயின் குறுக்கே இரும்புக் கம்பி ஒட்டி உடலை நிமிர்த்தி நிறுத்திய பின்னரே அவர் பழைய படியை வெட்டினார். கம்பியின்றி வெட்டினால் கார் இரண்டாக மடியக்கூடும். படியும் பிடியும் புதிதான பின்னரே வில்லுகளின் முறை வந்தது.

ஒரு பக்க வில்லை மட்டும் மாற்றினால் கார் சாய்ந்தே நிற்கும். ஆதலின் இரண்டையும் மாற்றினோம். முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, உடலை உறுதியான தாங்கிகள்மேல் நிறுத்தி, அச்சை மட்டும் ஜக்கு தாங்க, யூ போல்ட்டுகள் கழற்றப்பட்டன. நைந்த ரப்பர்ப் புஷ்களும் மாற்றப்பட்டன. இங்கே அம்முதியவர் ஒரு நுட்பம் காட்டினார்: வில்லின் இரு முனைப் போல்ட்டுகளையும் கார் தன் பாரத்துடன் நிலத்தில் நின்ற பின்னரே இறுக்கினார். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகி விரைவிற் கிழியும், உயரமும் பிழைக்கும்.

வேலைக்கு முன்னர் சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை அளந்து குறித்திருந்தோம். இப்போது இருபுறமும் ஒன்றரை அங்குலம் உயர்ந்துள்ளது. புதிய வில்லு சற்றுப் படியுமாதலால், ஐம்பது மைல் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குவிக்குமாறு சொல்லியனுப்பினார்.

நாற்பத்தெட்டாம் மைலில், பின்னாசனத்தில் பிள்ளைகளுடன் இல்லத்தரசியாரும் அமர்ந்திருக்க, அவரது கராஜ் வாசலில் காரை நிறுத்தினோம்.