டி.என்.ஏ. நுண்கருவிகள்: உள்ளே ஒரு பூட்டு, வெளியே ஒரு காவல்

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களிலிருந்து வரும் உறவினர் சிலர் கைப்பேசியில் பரவும் காணொளியைக் காட்டி, “புற்றுநோயை அழிக்கும் டி.என்.ஏ. ரோபோ ஊசி இங்கே உண்டா?” என வினவுகின்றனர். இல்லை. அத்தகைய ஊசி எதற்கும் இந்தியாவில் சிகிச்சை அனுமதி வழங்கப்படவில்லை.

கருவி கற்பனையன்று. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற யமுனா கிருஷ்ணனின் குழுவினர், பெங்களூரில் 2009ஆம் ஆண்டு, உயிரணுவுக்குள் அமிலத்தன்மையை அளக்கும் டி.என்.ஏ. கருவியை அமைத்தனர். 2011இல் அது உயிருள்ள புழுவின் உடலிலும் இயங்கியது. அஃது அளக்கும் கருவியே; மருந்தன்று.

மருந்தைச் சுமக்கும் கருவிக்குப் பூட்டு வேண்டும். 2012இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமைத்த டி.என்.ஏ. பெட்டி, உயிரணுவின் மேற்பரப்பில் உரிய அடையாளங்கள் இரண்டும் இருந்தாலன்றித் திறவாது. பழவேற்காட்டு மீனவரின் ‘பாடு’ முறையும் இத்தகையதே: முறை வந்தவரே குறித்த இடத்தில் வலையிடலாம். ஆனால் ஊர்க்கட்டுப்பாட்டை மனிதர் அறிந்து மதிக்கின்றனர். மூலக்கூறு எதையும் அறியாது. நலமான உயிரணுவிலும் அவ்வடையாளங்கள் இருக்கக்கூடும். குருதியிலுள்ள நொதிகள் பெட்டியை இடைவழியிலேயே சிதைக்கவும் கூடும்.

நிறுத்தும் விசை இருந்தால் போதாதா? டி.என்.ஏ.வின் உறவான ஆர்.என்.ஏ. இழையால் ஆன பெக்னிவகோஜின் என்னும் மருந்து குருதி உறைவதைத் தடுத்தது. அதன் செயலை நிறுத்த மாற்று இழையொன்றும் உடன் இருந்தது. எனினும் 2014இல் இதய நோயாளரிடம் நடந்த பெரிய ஆய்வில் சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாயிற்று. மாற்று இழை மருந்தின் செயலை நிறுத்தும்; ஒவ்வாமையை நிறுத்தாது. ஆய்வே இடையில் கைவிடப்பட்டது. அங்கு நோயாளரைக் காத்தது மூலக்கூறின் பூட்டன்று, இடைவிடாத கண்காணிப்பு.

அக்காவலை நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் வரையறுக்கின்றன. புதிய மருந்தின் ஆய்வுக்கு அரசின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பங்கேற்பவரின் எழுத்து வடிவ இசைவும் கட்டாயம். எழுதப் படிக்க இயலாதவரிடம் சார்பற்ற சாட்சி முன்னிலையில் விளக்கியே இசைவு பெறவேண்டும். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உரியன. எப்போது வேண்டுமாயினும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை தடைப்படாது.

எனவே ஆய்வில் சேர எவரேனும் அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். முன்பு எம்மருந்தேனும் ஒவ்வாமல் போயிருந்தால் தவறாது கூறுங்கள். ‘நானோ ரோபோ ஊசி’ எனப் பணம் கேட்போரைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதை நம்பி, நடந்துவரும் சிகிச்சையை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள்.