நின்று பார்ப்பதா, இருந்து கேட்பதா?

தாயகத்தில் பாட்டுக் கச்சேரிக்குப் போவதென்றால் எம்மில் பெரும்பாலானோர் நுழைவுச்சீட்டைப் பற்றிச் சிந்தித்ததே இல்லை. கோயில் திருவிழாக் காலத்தில் மேளக் கச்சேரியும் இசைக்குழுக்களின் பாட்டும் வீதியிலே விடிய விடிய நடைபெறும். பொழுது சாயும் வேளையிலேயே பாயையோ சாக்கையோ கொண்டுசென்று மணலில் விரித்துவிட்டால், அந்த இரவு முழுவதும் அவ்விடம் அந்தக் குடும்பத்துக்கே உரியது. பிந்தி வந்தவர்கள் பின்னால் இருந்தார்கள்; இளைஞர்கள் ஓரங்களில் நின்றார்கள். காசுக்கேற்ற பிரிவினையைப் படமாளிகைகளில் மாத்திரமே கண்டோம். கலரி, ஓடிசி, பல்கனி என்ற மூன்று சொற்களுக்குள் அது அடங்கிவிட்டது.

புலம்பெயர்ந்து வந்த இந்நாட்டில் நிலைமை வேறு. தென்னிந்தியத் திரையிசைக் கலைஞர்களும் உலகப் புகழ்பெற்ற மேலைநாட்டு இசைக்குழுக்களும் சிட்னிக்கும் மெல்பேணுக்கும் வரும்போது, நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்கிய சில நிமிடங்களுக்குள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. மேடைக்கு முன்னால் தரையில் நின்று பார்க்கும் 'பொது நுழைவு'ச் சீட்டை வாங்குவதா, அல்லது எண் குறிக்கப்பட்ட இருக்கைக்குரிய சீட்டை வாங்குவதா? பலரும் இதனை விலை சார்ந்த கேள்வியாகவோ, கலைஞரை எவ்வளவு அருகில் காணலாம் என்ற கேள்வியாகவோ மட்டுமே கருதுகின்றனர். வேறொன்றும் இதில் அடங்கியிருக்கிறது என்பதை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

இருக்கைச் சீட்டில் வரிசையும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். நாம் மாலை ஆறு மணிக்குச் சென்றாலும் எட்டு மணிக்குச் சென்றாலும் அந்த இடம் எமக்காகக் காத்திருக்க வேண்டும். அதனை உறுதிப்படுத்துவது நிகழ்ச்சியை நடத்துபவரின் கடமை. நிற்கும் சீட்டோ அரங்கினுள்ளே செல்லும் உரிமையை மட்டுமே தருகிறது. உள்ளே எந்த இடத்தில் நிற்பது என்பதை எமது காலும் தோளும் பொறுமையுமே தீர்மானிக்கின்றன. ஒன்றில் இடத்துக்கான பொறுப்பு நடத்துபவரிடம் இருக்கிறது. மற்றதில் அப்பொறுப்பு எமது உடலின்மேல் சுமத்தப்படுகிறது. விலை வேறுபாட்டைக் காட்டிலும் முக்கியமானது இதுவே.

இவ்வேறுபாடு அரங்குகளின் அமைப்பிலேயே தெரிகிறது. மெல்பேணில் இன்று ரொட் லேவர் அரங்கு என அழைக்கப்படும் மண்டபம் 1988ஆம் ஆண்டில் தேசிய ரென்னிஸ் நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கே சுமார் 15,000 பேர் கூடலாம். சிட்னி ஹோம்புஷ் பகுதியில் 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை முன்னிட்டு 1999இல் சுப்பர்டோம் என்ற பெயரில் திறக்கப்பட்ட உள்ளரங்கு சுமார் 21,000 பேரைக் கொள்ளக்கூடியது. இவ்விரண்டும் முதலில் விளையாட்டுக்காக வகுக்கப்பட்டவை. சுற்றிவர இருக்கைகள் படிப்படியாக உயர்ந்து செல்ல, நடுவே தரை சமதளமாக இருக்கிறது. இசைநிகழ்ச்சியின்போது அத்தளத்தில் நாற்காலிகளை அடுக்கலாம், அல்லது வெறுமையாக விட்டு மக்களை நிற்கவைக்கலாம். நாற்காலிகளுக்கும் நடைவழிகளுக்கும் தேவையான பரப்பில் அதனிலும் கூடுதலானோரை நிற்கவைக்க முடியும் என்பதால் நடத்துபவருக்கு வருமானமும் கூடுகிறது. மேடைக்கு முன்னால் ஆடிப்பாடும் கூட்டம் இருந்தால் கலைஞருக்கும் உற்சாகம் பிறக்கிறது. இரண்டும் நியாயமான காரணங்களே. ஆனால் கூட்டம் அளவை மீறும்போது அதன் விலையைக் கொடுப்பவர்கள் முன்வரிசையில் நிற்பவர்களே.

சிட்னி கற்ற பாடம்

2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி சிட்னியில் நடைபெற்ற 'பிக் டே அவுற்' இசைவிழாவில் லிம்ப் பிஸ்கிற் என்ற அமெரிக்க இசைக்குழு மேடையேறியபோது கூட்டம் முன்னோக்கித் திரண்டது. அந்த நெரிசலில் அகப்பட்ட பதின்வயதுச் சிறுமி ஒருத்தி சில நாட்களின் பின்னர் வைத்தியசாலையில் உயிரிழந்தாள். 2002இல் முடிவுற்ற மரண விசாரணையில், அன்று மேடைக்கு முன்னால் திரண்டிருந்தோரின் நெருக்கம் ஆபத்தான அளவில் இருந்தமை சுட்டிக்காட்டப்பட்டது. இதன் பின்னர் மேடைக்கு முன்னால் தனித் தடுப்புவேலி அமைத்து, குறிப்பிட்ட தொகையினரை மட்டும் அதனுள் அனுமதிக்கும் முறை அவ்விழாவில் நடைமுறைக்கு வந்தது. இன்று தரைப்பகுதியில் நாம் காணும் இரும்பு வேலிகளுக்குப் பின்னால் இத்தகைய மரணங்கள் இருக்கின்றன.

உலகின் பிற பகுதிகளும் இதே பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றன. 1979 டிசம்பர் 3ஆம் திகதி அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் 'த ஹூ' இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் 11 பேர் அரங்கின் வாசலிலேயே மாண்டனர். சீட்டுகளிற் பெரும்பகுதி எண் குறிக்கப்படாதவை. முந்திச் சென்றவருக்கே நல்ல இடம் என்ற நிலையில், திறந்திருந்த ஒருசில கதவுகளை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நெருக்கினர். அம்மாத முடிவுக்குள்ளேயே எண்ணிடப்படாத இருக்கை முறையை அந்நகரம் தடைசெய்தது. 2004ஆம் ஆண்டுவரை அத்தடை நீடித்தது. 2000ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி டென்மார்க்கின் ரொஸ்கில்ட விழாவில் 9 பேரும், 2021 நவம்பர் 5ஆம் திகதி அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் நடைபெற்ற அஸ்ரோவேர்ள்ட் விழாவில் 10 பேரும் மேடைக்கு முன்னால் நின்ற நிலையில் நெரிசலுக்குப் பலியாகினர்.

இத்தகைய சம்பவங்களில் மிதிபட்டு இறப்பவர்களைவிட, மூச்சுவிட முடியாமல் இறப்பவர்களே அதிகம். ஒரு சதுர மீற்றரில் நான்கு பேர்வரை நிற்கும்போது ஒருவர் தமது விருப்பப்படி அசைய முடியும். அது ஆறு, ஏழு என உயரும்போது கூட்டம் நீரைப்போல அலையலையாக அசையத் தொடங்குகிறது. தனிமனிதரின் பலம் அங்கே பயன்படாது. நெஞ்சு விரிய இடமில்லாதபோது நின்றபடியே நினைவிழக்க நேரிடுகிறது. உயரம் குறைந்தவர்களும் சிறுவர்களும் முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

எம்மவர் மத்தியில் நிகழ்ந்தவை

இவை மேலைநாட்டு இளைஞர்களின் களியாட்டத்தில் மட்டுமே நிகழ்பவை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2023 செப்ரெம்பர் 10ஆம் திகதி சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் ஏ. ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி நடைபெற்றது. உரிய பணம் கொடுத்துச் சீட்டுப் பெற்றிருந்த பலர் உள்ளே செல்லவே முடியாமல் வீதியில் தவித்தனர். நெரிசலில் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்தனர். பெண்கள் தொல்லைக்கு உள்ளானதாக முறையிட்டனர். பாதிக்கப்பட்டவர்கள் நுழைவுச்சீட்டின் பிரதியை அனுப்பிவைக்கும்படி ரகுமானே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. உயர்ந்த விலைப் பிரிவுச் சீட்டுகள் இருந்தன. ஆயினும் அவற்றுக்குரிய இடத்தைக் காப்பாற்றிக் கொடுப்பாரில்லாத வேளையில் சீட்டு வெறும் கடதாசியாகிவிட்டது.

அதற்கு ஐந்து மாதங்களின் பின்னர், 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சி நடைபெற்றது. முன்புறத்தில் கட்டணம் செலுத்தியோருக்கான இருக்கைகளும், பின்புறத்தில் இலவசமாக நின்று பார்ப்போருக்கான இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. பின்னால் நின்றோருக்கு மேடை சரியாகத் தெரியவில்லை. தடுப்புகள் உடைக்கப்பட்டன, கூட்டம் இருக்கைப் பகுதிக்குள் புகுந்தது, நிகழ்ச்சி தடைப்பட்டது. யாழ்ப்பாணத்து இளைஞரின் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று அப்போது பலரும் எழுதினர். எமது நோக்கில், குறை முதலில் அமைப்பிலேயே இருந்தது. பெருந்தொகையானோரை அழைத்து, அவர்கள் எதையும் காணமுடியாத இடத்தில் நிறுத்தி, வலுவற்ற தடுப்பு ஒன்றை நடுவில் வைத்தால் வேறென்ன நிகழும்? 2025 செப்ரெம்பர் 27ஆம் திகதி கரூரில் நடிகர் விஜயின் அரசியற் கூட்டத்தில் பல மணிநேரம் நின்று காத்திருந்தவர்களில் 41 பேர் உயிரிழந்தமை, நிற்கும் கூட்டத்தின் ஆபத்தை மேலும் கொடூரமாக உணர்த்தியது.

குடும்பத்துக்கு எது உகந்தது?

எமது சமூகத்தில் இசைநிகழ்ச்சிக்கு மூன்று தலைமுறையும் சேர்ந்தே செல்வது வழக்கம். அம்மம்மாவுக்கு முழங்கால் வலி. கைக்குழந்தைக்கு இடையில் பால் கொடுக்க வேண்டும். அப்பப்பா இரண்டு முறையாவது எழுந்து வெளியே சென்றுவருவார். நிற்கும் பகுதியில் ஒருமுறை இடத்தைவிட்டு அகன்றால் அதே இடத்துக்குத் திரும்புவது அரிது. அப்பகுதிக்குக் குறைந்தபட்ச வயது விதிக்கப்படுவதும் உண்டு. ஆகவே குடும்பமாகச் செல்வோர் எண்ணிட்ட இருக்கையையே தெரிவுசெய்ய வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

செலவைக் குறைக்க விரும்புவோருக்கும் வழியுண்டு. சமதளத் தரையில் பின்வரிசை நாற்காலியைவிட, பக்கவாட்டில் உயர்ந்து செல்லும் முதலாவது அடுக்கு இருக்கையிலிருந்து மேடை தெளிவாகத் தெரியும். முன்னால் இருப்பவர் எழுந்து நின்றாலும் பார்வை அவ்வளவாக மறைபடாது. இசையைச் செம்மையாகக் கேட்க விரும்புவோர், ஒலிக்கலவை மேசை அமைந்துள்ள திசையில், மேடையை நேராக நோக்கும் இருக்கைகளைத் தேடலாம். ஒலிப்பதிவாளர் தமது காதுக்கு இனியதாகவே ஒலியைச் சீர்செய்கிறார். அவருக்கு அருகில் இருப்பவரும் ஏறத்தாழ அதையே கேட்பார். உடல் ஊனமுற்றோருடன் துணையாகச் செல்பவருக்குத் தனிக் கட்டணமின்றி அனுமதி வழங்கும் 'துணைவர் அட்டை'த் திட்டம் விக்ரோறியாவில் 2003இல் ஆரம்பிக்கப்பட்டு ஏனைய மாநிலங்களுக்கும் பரவியது. தகுதியுடைய பலர் இதனை அறியாமலே இருக்கின்றனர்.

இளைஞர்கள் நிற்கும் சீட்டை விரும்புவதில் தவறில்லை. வாரம் முழுவதும் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் உழைத்துவிட்டு, தமது மொழிப் பாட்டை ஆயிரம் குரல்களோடு சேர்ந்து பாடும் மகிழ்ச்சியை இருக்கை தராது. சிட்னி மூர் பார்க்கில் 1924இல் கட்டப்பட்ட ஹோர்டன் பவிலியன் போன்ற மண்டபங்களில் நின்று பார்ப்பதே பெருவழக்கு. ஆயினும் சில எச்சரிக்கைகள் அவசியம். நடுவே மேடைக்கு நேர்முன்னால் நிற்பதைத் தவிர்த்து ஓரமாக நிற்பது நல்லது. உள்ளே சென்றவுடன் வெளியேறும் வழிகளைப் பார்த்துவைக்க வேண்டும். தோளோடு தோள் உரசி, கையை உயர்த்த முடியாத நிலை வருமுன்னரே பின்வாங்கிவிட வேண்டும். நெரிசலில் அகப்பட்டால் இரு கைகளையும் மடித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் தேடிக்கொள்ள வேண்டும். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது ஓயும் தருணங்களில் குறுக்காகப் பின்னோக்கி நகரவேண்டும். கீழே விழுந்த கைத்தொலைபேசியை எடுக்கக் குனியக்கூடாது. விழுந்தவரைத் தூக்கிவிடத் தயங்கக்கூடாது.

அகதி அந்தஸ்துக் கோரி இணைப்பு விசாவில் வாழும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. மெடிகெயார் அட்டை கையில் இல்லாதவருக்குச் சிறு எலும்பு முறிவும் பெருங்கடனாகலாம். மறுநாள் வேலைக்குச் செல்ல முடியாவிட்டால் ஊருக்கு அனுப்பும் பணமும் தடைப்படும். இருபது, முப்பது டொலர் மிச்சத்தை இவற்றோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கைமாறும் சீட்டுகள்

தெரியாதவரிடம் சீட்டு வாங்குவதிலும் விழிப்புத் தேவை. நியூ சவுத் வேல்ஸில் 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சீட்டொன்றை அதன் மூலவிலையிலும் 10 வீதத்துக்கு மேல் கூட்டி மறுவிற்பனை செய்ய முடியாது. விக்ரோறியாவில் அரசு அறிவிக்கும் பெரும் நிகழ்ச்சிகளுக்கு இதையொத்த வரம்பு உண்டு. எண்ணிட்ட இருக்கை என்று சொல்லி விற்றுவிட்டு அதனை வழங்காவிடின், அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்கீழ் நிவாரணம் கோரலாம். இதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஆங்கிலம் தடையாக இருப்பின் 131 450 என்ற இலக்கத்தில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையினூடாகத் தமிழில் பேசி முறையிடலாம்.

இறுதியாக, எம்மவர் நடத்தும் நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாடசாலை மண்டபமாயினும் நகரசபை அரங்காயினும், சீட்டில் எண் இருந்தால் நாற்காலியிலும் அதே எண் இருக்க வேண்டும். பிரமுகர் வந்துவிட்டார் என்பதற்காக, பல மணிநேரம் வேலை செய்து சம்பாதித்த பணத்தில் முன்வரிசைச் சீட்டு வாங்கிய குடும்பத்தைப் பின்னால் எழுப்பி அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். நிற்கும் பகுதி வைப்பதாயின், எத்தனை பேர் என்ற எல்லையை முன்கூட்டியே வகுத்து, அதற்குமேல் ஒரு சீட்டும் விற்கக்கூடாது. இடம் இழந்து வந்தவர்கள் நாம். ஒருவருக்கு இடம் தருவதாக வாக்களித்துப் பணம் பெற்றால், அந்த இடத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது எவ்வளவு பெரிய கடமை என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?