சென்னையில் சிக்கிய கமில்லா... 132 வருஷம் ஒளிந்திருந்த குட்டித் துணை!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலை. அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரி, மேகம் இல்லாமல் இருந்தால், அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள். சென்னைக்காரர்கள் மறந்தே போன வானம் அது. அள்ளித் தெளித்த மாதிரி நட்சத்திரங்கள்!

ஆனால், ஒரு காலத்தில் சென்னைக்கும் அப்படியொரு வானம் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சூரியக் குடும்பத்தின் புது உறுப்பினர்களைக் கண்டுபிடித்த காலம்!

அங்கிருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் பொறுப்பாளர் நார்மன் போக்சன். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் கணக்கை வகுத்தவர் இவர்தான். 1861-ல் சென்னையிலிருந்து இவர் கண்ட முதல் சிறுகோளுக்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால்!

கேமரா எல்லாம் கிடையாது. நட்சத்திர வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வானத்தோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்து, அது அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறினால் சிறுகோள். அப்படி 1868 நவம்பர் 17 அன்று சிக்கியவள்தான் கமில்லா. ரோமானியப் புராணத்து வீர அரசியின் பெயர்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளி விளிம்பில், சூரியனிலிருந்து சுமார் 52 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கமில்லா. ஒரு சுற்று முடிக்க ஆறரை வருஷம். சிறுகோள் என்றதும் ஏதோ பாறாங்கல் என்று நினைக்க வேண்டாம். இதன் குறுக்களவு சுமார் 250 கிலோமீட்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குப் பஸ் பிடிக்கிற தூரம்!

போக்சன் 1891-ல் காலமானார். கமில்லா தனி ஆள் இல்லை என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

2001 மார்ச் 1. அலெக்ஸ் ஸ்டோர்ஸ் குழுவினர் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியால் எடுத்த படத்தில், கமில்லாவை ஒட்டி மங்கலாக இன்னொரு புள்ளி. கமில்லாவுக்கு ஒரு நிலா! குறுக்களவு 12, 13 கிலோமீட்டர்தான். கள்ளக்குறிச்சியில் கிளம்பினால் சின்னசேலம் வருவதற்குள் முடிந்துவிடும். குறுக்களவில் 20-ல் ஒரு பங்கு என்பதால், அது காட்டும் வெளிச்சம் கமில்லாவினுடையதில் சுமார் 400-ல் ஒரு பங்கு. பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பக்கத்தில் மின்மினியைத் தேடுகிற வேலைதான். 132 வருஷம் ஆனதில் ஆச்சர்யம் என்ன?

இந்தப் பொடியன் சும்மா சுற்றவில்லை. சுமார் 1,250 கிலோமீட்டர் தள்ளி நின்று, 3.7 நாளுக்கு ஒரு முறை கமில்லாவைச் சுற்றிவருகிறான். தூரமும் நேரமும் தெரிந்தால் கமில்லாவின் எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். தராசே இல்லாமல் எடை! அப்படிப் பார்த்ததில், அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கெட்டிப் பாறையாக இருந்தால் இருமடங்காவது இருக்க வேண்டும். ஆக, உள்ளே ஏகப்பட்ட வெற்றிடம், ஒருவேளை பனிக்கட்டியும் இருக்கலாம். ஏதோவொரு பெரிய மோதலில் சிதறிய துண்டுகளில் ஒன்றுதான் நிலாவாகத் தங்கிவிட்டது என்று கருதுகிறார்கள் விஞ்ஞானிகள். 2016-ல் இன்னொரு நிலாவும் அறிவிக்கப்பட்டது. அது இதைவிடவும் பொடிசு.

போக்சன் 1866-ல் சென்னையில் கண்ட சில்வியாவுக்கும் இரண்டு நிலாக்கள் உண்டு. இதில் வியாழனுக்கு இந்தப் பக்கம் நம் சென்னைக்கு ராசி அதிகம்போல!

போக்சன் 1885-ல் கடைசியாக 'வீரா'வைக் கண்டபின், இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க 1988 ஆனது. கண்டவர் ஆர்.ராஜமோகன், இடம், கல்வராயனுக்கு நேர் வடக்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். வைத்த பெயர் 'ராமானுஜன்'. நகர வெளிச்சம் எட்டாத மலை தேடித்தான் ஆய்வகம் அங்கே போனது.

வெள்ளிமலையில் நின்று வெறும் கண்ணால் கமில்லாவைப் பார்க்க முடியாது. ஓரளவு நல்ல தொலைநோக்கி இருந்தால் புள்ளியாகப் பிடிக்கலாம், போக்சன் பார்த்த அதே புள்ளி. பக்கத்திலிருக்கும் பொடியன் மட்டும் தெரிய மாட்டான். சில்வியாவின் நிலாக்களுக்கு ரோமுலஸ், ரெமுஸ் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இவனுக்கோ, கண்டுபிடித்து 20 வருஷம் தாண்டியும் 2001 என்ற வருஷத்தையும் 107 என்ற கமில்லாவின் எண்ணையும் சேர்த்த குறியீடு மட்டும்தான்!